ரிஷப் திறந்த வால்வு

வாலாஜாபாத்
புதன்கிழமை

ரிஷப்புக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நீ நலமாக இல்லை என்று உன் அம்மாவே சொல்லிவிட்டார்கள், அதனால் விடுகிறேன். ஒன்பது முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. புனே முகவரியை அவர்களிடம்தான் வாங்கினேன்.

முதலில் வேலை விஷயம். நாம் இரண்டு பேரும் போட்ட குளம் நல்ல பச்சையாக இருக்கிறது. ரைஸ் மில் பாய்லர் புகையைத் தண்ணீருக்குள் விட்டால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடைத் தின்று பாசி வளரும் என்றபோது சிரித்தாரே மில்காரர் கலைவாணன், அவர் இப்போது இரண்டாவது குளம் வெட்டலாமா என்கிறார். தண்ணீரைக் கலக்கும் துடுப்புச் சக்கரத்தின் பேரிங் மட்டும் கத்துகிறது. நீ இருந்தால் கத்தாது.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

பாசியைத் தின்னும் பூச்சி குளத்தில் புகுந்தது. ரோட்டிஃபர், நுண்ணோக்கியில் பார்த்தால் வாலை ஆட்டிக்கொண்டு நீந்தும். பாசி ஓரறிவு, அறுவடைக்குக் கைகொடுப்பேன், நகர்ந்து போகிற உயிரைக் கொல்ல சமணனான என்னால் ஆகாது, வலை போட்டு வடிகட்ட மூன்று நாள் கொடு என்றாய். உங்க வூட்ல தண்ணி வடிகட்டுற துணியையும் எடுத்தாந்துடு என்று கிண்டல் செய்துவிட்டு, சரி என்றேன். மறுநாள் திருமுக்கூடலிலிருந்து போன் செய்து, பாசி பசியில இருக்குதுபா, புகை வால்வை முழுசாத் தொற, நான் வர்ற வரைக்கும் மூடாத என்றேன். நீ திறந்தாய்.

கார்பன் டை ஆக்சைடு அளவு மீறினால் பாசி தாங்கும், பூச்சி மூச்சுமுட்டிச் சாகும். நீ மெக்கானிக்கல். பாசி படித்தவன் நான்.

மாலையில் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, ஒன்றுகூட அசையவில்லையே என்றாய். அதுக்குத்தான் தொறக்கச் சொன்னேன், நீ திங்குற தயிர்ல இருக்குற கிருமி சாகலயா என்று கலைவாணன் எதிரிலேயே சொன்னேன். நீ கையைக் கழுவினாய். மறுபடி கழுவினாய். கிளம்பிவிட்டாய்.

அன்று மாலை கலைவாணன் குளம் பார்க்க வருகிறார் என்றுதான் அவசரப்பட்டேன். ஒரு வாரம் கழித்து வாங்க என்றிருந்தால் அப்போது வந்திருப்பார். நான் கேட்கவே இல்லை.

நீ போனபிறகு வலையும் போட்டுப் பார்த்தேன். பாதிதான் சிக்கியது, முட்டை நழுவிவிடுகிறது. உன் முறை முழுசாக வேலை செய்யாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் மூன்று நாள் கொடுத்திருக்கலாம்.

போன ஞாயிறு முகவரி கேட்கத் திருப்பருத்திக்குன்றம் போனேன். கதவையே திறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். “என்னாப்பா பிரேமு, ரிஷப் ஊர்ல இல்லன்னா எங்க வூட்டுக்கு வழி தெரியாதா” என்று உன் அம்மா தட்டு வைத்தார்கள். நீ வீட்டில் ஒன்றுமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்கள்: “வாரத்துல ரெண்டு நாள் பட்டினி கெடக்குறான்பா. எதுக்குடான்னா வாயத் தொறக்க மாட்டேங்குறான். உனக்குத் தெரியுமா?”

தெரியாதும்மா என்றேன். தட்டில் இருந்ததையும் சாப்பிட்டு முடித்தேன்.

தெரியாமல் செய்தவனுக்குப் பாவம் உண்டா என்று உங்கள் நூல்களில் என்ன சொல்லியிருக்கிறதோ. தெரிந்தே செய்ய வைத்தவன் மூன்று வேளையும் தின்றுகொண்டிருக்கிறேன்.

வருகிற ஞாயிறு உன் அம்மா அப்பாவிடம் நடந்ததைச் சொல்லப் போகிறேன். வேண்டாம் என்று எழுதாதே. உன்னைத் திரும்பி வரச் சொல்லவில்லை, அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை. இந்தக் கடிதம் வந்து சேருகிற நாள் எதுவானாலும், நீ சாப்பிடுடா.

இப்படிக்கு,
பிரேம்நாத்