நான் கேட்ட விலை

திருவண்ணாமலை,
9-11-1997

அன்புள்ள மாமாவுக்கு,

கஸ்தூரி எழுதுகிறேன். உங்கள் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? மஸ்கட்டில் வெயில் கொஞ்சமாவது தணிந்ததா? கீழ்பென்னாத்தூரில் அத்தை சௌக்கியம். கடலை பிடுங்கி முடித்துவிட்டார்களாம். நீங்கள் அனுப்பிய டிராஃப்ட் வந்து சேர்ந்தது.

இனி வீட்டு விஷயம். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

வேட்டவலம் ரோட்டில் சக்கரபாணி சார் வீட்டைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். ரிட்டயர்டு வாத்தியார். இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் சொல்கிறார். அவர் மகள் ரேவதி, கல்யாணம் நிச்சயமான பெண், இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே சமையலறையில் மாவு அரைக்கும்போது கிரைண்டரில் கரண்ட் அடித்து இறந்துபோனாள். அதிலிருந்து அந்த வீட்டை வாங்க எல்லோரும் பயப்படுகிறார்கள். புரோக்கர் அருணகிரி, "அந்தப் பொண்ணு செத்ததச் சொல்லி ஒன்னு முப்பதுக்குக் கேளுங்க. வேற ஆளு வரமாட்டான், குடுத்துடுவாங்க" என்றார். நீங்களும் அப்படியே கேட்கச் சொல்லி எழுதினீர்கள். அந்த எண்ணத்தோடுதான் வெள்ளிக்கிழமை போனேன்.

சாரின் மனைவி ராஜம்மாள் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். சமையலறை வாசலில் நின்றுவிட்டார். "நீங்க போய்ப் பாருங்கம்மா, நான் இங்கயே இருக்கறேன்" என்றார். உள்ளே அடுப்பு இல்லை. பின்கட்டில்தான் சமைக்கிறார்களாம். பகல் பதினொரு மணி, தெருவில் ஆட்டோ போகிற சத்தம் கேட்கிறது. ஆனாலும் எனக்குப் பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது. நான் பயப்படவில்லை. அப்படி ஒருவர் நிற்பது எனக்குப் பழகிப்போயிற்று. இந்த வாடகை வீட்டில் மாறன் அப்படித்தான் என் புடவைக்குப் பின்னால் நிற்கிறான். காய்ச்சலில் மூச்சு வாங்கியது அப்படியே கேட்கிறது. திரும்பினால் காணோம்.

உங்களுக்கு எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். பிள்ளையைப் புதைத்த மூன்றாம் நாள் நம் வீட்டுக்காரர் வந்தார். துக்கம் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நாற்காலி போட்டேன். "குழந்த வீட்லயே செத்துடுச்சுன்னு வெளிய சொல்லாதீங்க. அப்புறம் யாரும் வாடகைக்கு வரமாட்டாங்க. நீங்களும் சீக்கிரம் வேற எடம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் பிள்ளை செத்ததால் அவர் வீட்டுக்கு மதிப்புக் குறைந்துவிட்டதாம். லீவு கிடைக்காமல் அங்கே தவித்துக்கொண்டிருந்த உங்களிடம் இதை எப்படிச் சொல்வேன்?

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று முப்பது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இதே அளவுள்ள எதிர்வீடு வைகாசியில் ஒன்று தொண்ணூற்றைந்துக்குப் போனது. இங்கே சமையலறைத் தளம் ஒழுகுகிறது, கொத்து வேலைக்குப் பத்தாயிரமாவது ஆகும். அதனால் ஒன்று எண்பத்தைந்து என்றேன்.

சார், "எம்பொண்ணு விஷயம் உங்களுக்குத் தெரியும் இல்லம்மா?" என்று கேட்டார். "தெரியும் சார். தளம் ஒழுவுறதுக்குத்தான் கம்மி பண்ணேன்" என்றேன். அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ராஜம்மாள்தான் "குடுத்துடலாங்க" என்றார். பிறகு, வருஷத்துக்கு ஒருநாள் வந்து சமையலறையில் ஒரு விளக்கு ஏற்றிவிட்டுப் போகலாமா என்று என்னைக் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். அட்வான்ஸ் ஐயாயிரம் கொடுத்தாயிற்று. தை மாதம் பத்திரம்.

வெளியே வந்ததும் அருணகிரி, "அம்பத்தஞ்சாயிரத்த ரோட்டுல போட்டுட்டீங்களேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டார். அது உங்களுக்கு இன்னும் ஒரு வருஷத்து உழைப்பு என்று எனக்குத் தெரியும். பங்குனியில் வந்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். தெரிந்துதான் சொன்னேன். என் ஆரத்தை விற்கிறேன், அப்படியானால் அந்த ஒரு வருஷம் ஏழெட்டு மாதமாகக் குறையும்.

இப்போது எனக்கு ஒரே கவலை. நான் அந்த வீட்டுக்குப் போனால் மாறனும் கூட வருவானா? இரண்டரை வயசுப் பிள்ளைக்கு வழி தெரியுமா? வந்துவிட்டால் போதும், அந்தப் பெண் ஆசையாகத் தூக்கிக்கொள்வாள் என்று தோன்றுகிறது. இப்படியெல்லாம் எழுதுகிறேனே என்று பயந்துவிடாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

அவன் போன பிறகு பதினோரு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றில்கூட அவன் பெயர் இல்லை. உங்களுக்கும் கை வரவில்லை என்று புரிகிறது. விலைக்காக என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். அதோடு அவன் பெயரையும் ஒரே ஒரு தடவை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள், மாமா.

உங்கள் தபாலுக்காகக் காத்திருக்கும்,
கஸ்தூரி