அரண்மனையில் விட்டுவந்த பூட்டு

இன்று காலை துணி துவைக்கப் போட்டபோது என் மனைவி சட்டைப் பையிலிருந்து உன் சாவியை எடுத்து ஜன்னலில் வைத்தாள். "இன்னாது இது, எப்பப் பாரு இத்தயே தூக்கிக்கினு சுத்துற?" என்றாள். எடுத்து முகர்ந்து பார்த்தேன். இன்னும் கிரீஸ் வாசனை அடிக்கிறது. என் மூக்குதான் ஏமாற்றுகிறதோ என்னவோ, எனக்கு அது உன் வாசனை. செத்துப் போனவனுக்கு எவனாவது கடிதம் எழுதுவானா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ சிரித்துக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நம் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஆட்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு உண்டு. அதன்மேல் அவனவன் போட்டோ, பெயர். மிஷினுக்குள் கை விடும் முன் மெயின் சுவிட்சை அணைத்து அந்தப் பூட்டைப் போட வேண்டும். போட்டவனைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது, மேனேஜரே வந்து நின்றாலும். மற்றவர்கள் பூட்டை டூல் பெட்டியில் எறிந்து வைப்பார்கள். நீ மட்டும் அதை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு புதுவாயல் டீக்கடைக்குக்கூட வருவாய். "கல்யாணத்தன்னிக்கும் இத்த மாட்டிக்கினுதான் தாலி கட்டுனியா?" என்று கேட்பேன். "என் கை உள்ள இருக்கறப்ப சாவி என் பாக்கெட்டுல இருக்கணும். அவ்ளோதான்டா" என்பாய். எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! நான் ஆபரேட்டர், மிஷின் ஓடினால் போதும் எனக்கு. காதில் வாங்கினதே இல்லை.

ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை நம் செக்‌ஷன் ஆட்கள் வேன் பிடித்து ஆந்திரா பக்கம் பறவை பார்க்கப் போனோமே. பறவை எங்கே பார்த்தோம், மழைதான் பார்த்தோம். ஒதுங்க இடம் தேடி அந்தப் பழைய ராஜா அரண்மனைக்குள் ஓடினோம். உள்ளே போனால் சிம்மாசனமும் இல்லை, வாளும் இல்லை. இந்தக் காலத்துக் கலைஞர்கள் செய்ததையெல்லாம் வைத்திருந்தார்கள். ராணி இருந்த அறையில் கூரை முழுக்கக் கிழிந்த சாக்குப் பைகள் தொங்கின. நான் வாய் ஓயாமல் கிண்டல் பண்ணினேன். நீ ஒவ்வொன்றின் முன்னாலும் கை கட்டி நின்றாய். "புரியுதாடா உனுக்கு?" என்றேன். "புரியல. ஆனா எவனோ ஒக்காந்து பொறுமையா செஞ்சிக்கிறான்" என்றாய்.

தர்பார் மண்டபத்தின் நடுவில் ஒரு பழைய அரிசி ஆலை மிஷின். முழுக்கத் தங்க நிறம் பூசி, எதையும் அரைக்காமல் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் பெயின்ட்டைப் பார்த்தார்கள். நீ அந்த மிஷின் பெல்ட்டைப் பார்த்தாய். அதற்கு மூடி இல்லை. ஒரு சின்னப் பெண் தாவணி நுனி ஆட அதன் பக்கத்தில் நின்றிருந்தாள். நீ யாரையும் கேட்கவில்லை. சுவரோரம் போனாய், சுவிட்சை இறக்கினாய், இடுப்பிலிருந்து பூட்டைக் கழற்றி மாட்டினாய்.

காவலாள் ஓடிவந்தார். "நைனா, இது மிஷின் காது, ஆர்ட்டு!" என்று தெலுங்கில் கத்தினார், அது மிஷின் இல்லையாம். "ஆர்ட்டுன்னா கை மாட்டாதா சார்? மொதல்ல பெல்ட்டுக்கு மூடி போடுங்க, அப்பால தொறக்கறேன்" என்றாய். நம் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெளியே வேன்காரன் ஹாரன் மேல் ஹாரன் அடித்தான். எனக்கு அவமானமாக இருந்தது. உன் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். "டேய், என் பூட்டுடா" என்றாய். "போனா போவுது. ஸ்டோர்ல வேற வாங்கிக்கலாம், வாடா, மானத்த வாங்காத" என்றேன். வேன் கிளம்பிய பிறகும் நீ பின்கண்ணாடி வழியாக அரண்மனையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

மறுநாள் திங்கட்கிழமை ஸ்டோர்காரர் லீவு. கன்வேயரில் எதுவோ மாட்டிக்கொண்டது. வேறொருத்தன் பூட்டை வாங்கிப் போட உனக்கு மனசு வரவில்லை, அது அவன் பெயர் போட்ட பூட்டு. ஓர் அட்டையில் 'ஆள் வேலை செய்கிறார்' என்று எழுதி, அணைத்த சுவிட்சில் நூலால் கட்டிவிட்டு உள்ளே கை விட்டாய். நூல் அவிழ்ந்து அட்டை கீழே விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. ஷிப்ட் மாறி வந்தவன் சுவிட்சைப் போட்டான். அவனை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். பூட்டு இல்லாத சுவிட்சை எவனும் போடத்தான் செய்வான். உன்னைத் தூக்கிக்கொண்டு போன வண்டியில் நானும் இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

உன் பூட்டு அங்கேயே தங்கியது என்னால்தான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. செல்வியிடம் எப்படிச் சொல்வேன்? உன் பெண்டாட்டி ஒரு வருஷமாக எனக்கு அண்ணா அண்ணா என்று டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உன் முதல் வருஷ நினைவு நாளன்று இந்தச் சாவியைக் கொண்டுவந்து காட்டினாள். "அவரு பேண்ட்டுல இருந்துச்சிண்ணா. ஊட்டுல இருக்கற எல்லாப் பூட்டுலயும் போட்டுப் பாத்துட்டேன், பீரோ, டிரங்குப் பொட்டி, சைக்கிளு, ஒண்ணுத்துக்கும் சேரல. எதுனா வெச்சிட்டுப் போனாரா எனக்கு?" என்றாள். பாவி எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன், அரண்மனை, வேன், நான் உன்னை இழுத்தது, எல்லாம். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "என்ன அங்க கூட்டிக்கினு போங்க" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். பூட்டை அறுத்து எறிந்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லைடா. அந்தத் தங்க மிஷின் ஓடாமல் நிற்கிறது. சுவிட்சில் உன் பூட்டு அப்படியே இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பெண் சொன்னாள், அதைச் செய்த கலைஞர் வந்து பார்த்துவிட்டு, இந்தப் பூட்டைத் தொட வேண்டாம், இனி இதுவும் இதில் சேர்ந்ததுதான் என்று சொல்லிவிட்டாராம். ஒரு கணவனும் மனைவியும் பூட்டின் மேல் இருந்த உன் போட்டோவைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் பட்டு உன் முகம் கொஞ்சம் வெளுத்துவிட்டது. மீசை தெரிகிறது.

செல்வி அவர்களை விலக்கிக்கொண்டு போய் உன் முகத்தை முந்தானையால் துடைத்தாள். காவலாள் தடுக்க வந்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். சாவியைப் பூட்டில் விட்டாள். ஒரு வருஷமாக வீட்டில் எந்தப் பூட்டிலும் சேராத சாவி அங்கே சட்டென்று இறங்கியது. திருகுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். பிறகு திருகாமலே உருவி எடுத்தாள்.

"போட்டவருதான தொறக்கணும்" என்றாள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதாள், வாய்விட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு. நான் பக்கத்தில் நின்றேனே தவிர, தொட்டுத் தேற்ற எனக்கு யோக்கியதை இல்லை. எழுந்ததும் சாவியை என் கையில் வைத்து விரல்களை அவளே மடக்கினாள். "நீங்கதான அவர இழுத்துக்கினு வந்தீங்க. நீங்களே வெச்சிக்கங்க" என்றாள்.

வைத்திருக்கிறேன்டா. சட்டை காய்ந்ததும் மறுபடி பையில் போட்டுக்கொள்வேன்.