இருபத்தைந்தாவது தட்டு

என்றும் பிரியமான உங்களுக்கு,

நம் கூடத்துச் சுவர் மஞ்சள் இல்லை, வெள்ளை. போன மாதம் வலக்கண்ணில் கண்புரை எடுத்தபிறகுதான் தெரிந்தது. பெயின்டர் ஏமாற்றிவிட்டான் என்று உங்களிடம் எத்தனை நாள் புலம்பியிருப்பேன்! நீங்கள் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. ஏன்?

"இது பல வருஷமா வளர்ந்திருக்கும்மா. முன்னாடியே ஏன் வரல?" என்றார் டாக்டர். ஊசியில் நூல் கோர்க்கிறேனே என்றேன். சிலருக்குக் கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரிவதுபோலவே இருக்குமாம், தூரம்தான் மங்குமாம். ஆட்டோவில் தொம்மலூர் வீட்டுக்குத் திரும்பும்வரை எனக்கு ஒரே நினைவு. மாநில மூத்தோர் துப்பாக்கி சுடும் அணிக்கான அந்தத் தேர்வுப் போட்டி.

அன்று நடுவர் நாற்காலியில் நான்தான். வசந்தா மேடம் சொன்னால் சரி என்று கிளப்பில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கணவருக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது என்பதில் நான் குறியாக இருந்தேன். சந்தேகம் வந்தால் உங்களுக்கு எதிராகத்தான் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அதை நேர்மை என்று நினைத்தேன்.

இருபத்துநான்கு களிமண் தட்டுகளை உடைத்துவிட்டீர்கள். கடைசித் தட்டு வானில் பறந்தது, சுட்டீர்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம் தூசி மட்டும். துண்டு பிய்ந்து விழுந்தால்தான் கணக்கு, தூசிக்குக் கிடையாது. "லாஸ்ட்", அதாவது தட்டு தவறியது, என்று கையைத் தூக்கினேன். சந்தேகம் இருந்தால் பக்கத்து நடுவரைக் கேட்க வேண்டும் என்பது விதி. நான் கேட்கவில்லை. அந்த ஒரு தட்டில் உங்களுக்கு அணியில் இடம் போயிற்று.

நீங்கள் வழக்கம்போலத் துப்பாக்கியை மடித்து, மூச்சை விட்டு, தூரத்துத் தைல மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். காரில் நான் விதிகளை ஒப்பித்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "கான்வென்ட்ல படிச்ச பொண்ணக் கட்டினா இதான் கதி."

மறுவாரம், "கண் டாக்டர்கிட்ட போறேன், துணைக்கு வா. வந்ததோட நீயும் காட்டிடு" என்றீர்கள். "எனக்கென்ன கேடு? உங்க கண்ணப் பாருங்க, தூசியச் சுடுற கண்ணு" என்றேன். அந்த வாயை இன்று என்ன செய்வது?

ஆட்டோவை விட்டு இறங்கியதும் உங்கள் பயிற்சி நோட்டை எடுத்தேன். நீங்கள் மறைந்த இந்த இரண்டு வருஷத்தில் அதைத் தொட்டதில்லை. தவறிய ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு கட்டம் வைத்திருக்கிறீர்கள். கண் எங்கே இருந்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும். "குழல் முனையைப் பார்த்தேன். தட்டை மட்டும் பார்." "முந்தைய தட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு விடு, பிறகு அடுத்த தட்டை வீசச் சொல்." பக்கம் பக்கமாக உங்கள் மேலேயே குற்றம் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த நாளின் பக்கம் வந்தது. முதல் கட்டத்தில்: "தட்டைத்தான் பார்த்தேன். துண்டு இடப்பக்கம் விழுந்தது." இரண்டாவதில்: "வசந்தாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்."

அவ்வளவுதான். ஒரு வரிக் கோபம்கூட இல்லை. என் தலைக்கனத்துக்குப் பயந்து சொல்லாமல் இருந்தீர்களா, அதைக் காப்பாற்ற நினைத்தீர்களா? ஒருநாள் உரக்கச் சண்டை போட்டிருக்கலாமே.

போன ஞாயிறு கிளப்பில் மறுபடி நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் திவ்யா சுட்டாள். அந்த நொடி பார்த்து நான் இமைத்துவிட்டேன். புதுக் கண்ணும் இமைக்கத்தானே செய்யும்?

"மேடம், பீஸ் பிஞ்சுச்சு மேடம்! நான் பாத்தேன்!"

கை பழக்கத்தில் மேலே போகப் பார்த்தது. இறக்கிக்கொண்டேன். பக்கத்து நடுவர் பசவராஜைத் திரும்பிப் பார்த்து, "நான் சரியாப் பாக்கல. நீங்க பாத்தீங்களா?" என்றேன்.

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "ஹௌது, ஆமா மேடம், துண்டு போச்சு. ஆனா நீங்க என்னைக் கேக்கறீங்களா? இன்னிக்கு மழை கேரண்டி!"

திவ்யாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. அன்றும் இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும், இல்லையா?

அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். தன் தவறுகளை ஒன்றுவிடாமல் எழுதிவைத்தவர் இந்த ஒன்றில் மட்டும் பொய் எழுத மாட்டார். அன்று நீங்கள் சுட்டது இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. தவறியது நான்.

உங்கள் நோட்டின் அந்த இரண்டாவது கட்டத்தில், உங்கள் எழுத்துக்குக் கீழே, "வலக்கண் ஆயிற்று" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் இடக்கண். தள்ளிப்போட மாட்டேன், சத்தியம். அதையும் எழுதிவிட்டுத்தான் நோட்டை மூடுவேன்.

தாமதமாக டாக்டரிடம் போன,
உங்கள் மனைவி
வசந்தா