பேசிக்கொண்டே நடக்கிற வேகம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் மருமகளும் குட்டிப்பெண்ணும் அப்படியே இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் என்றால் பாதியிலேயே சிக்னல் இல்லை என்று கழன்றுகொள்வாய், கடிதத்தில் அந்த வேலை நடக்காது.

முதலில் உடம்பு சங்கதி. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயில் இருக்கிற வீக்கம் போன மாத எக்கோ ஸ்கேனிலும் அதே நாலு புள்ளி இரண்டு சென்டிமீட்டர்தான், கண்டுபிடித்து எட்டு மாதமாகியும் ஒரு நூல் ஏறவில்லை. பிரஷரும் மாத்திரைக்கு அடங்கி ஒழுங்காக இருக்கிறது. டாக்டரம்மா சும்மா உட்காரக் கூடாது, தினமும் நடக்கணும், ஆனால் ஓடக் கூடாது, மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்கக் கூடாது, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும் என்று சொல்லியிருக்கிறார். முப்பத்தோரு வருஷம் மைதானத்தில் பிள்ளைகளை விரட்டு விரட்டென்று விரட்டிய பி.டி. டீச்சரிடம் போய் இதைச் சொன்னால் எப்படி இருக்கும், நீயே யோசித்துப் பார். அப்பா அதற்கும் ஒரு படி மேலே, நான் ஒரு கிலோ தக்காளியைத் தூக்கினால்கூட பாய்ந்து வந்து பிடுங்குகிறார்.

பேசிக்கொண்டே நடக்கணும் என்றால் பதில் பேச ஒரு ஆள் வேண்டுமே. துறைமுகத்தில் அந்த உயரத்துக் கிரேன் கேபினில் காலமெல்லாம் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்த மனிதர் உன் அப்பா, பேச்சுக்கு எங்கே போவார் பாவம். மூன்றாம் நாளே சரக்கு தீர்ந்துவிட்டது. அப்புறம் வழியில் இருக்கிற கடைப் பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார், சலவைக் கடை, பல் ஆஸ்பத்திரி, சைக்கிள் ரிப்பேர் என்று. நானும் அதற்கெல்லாம் உம் கொட்டிக்கொண்டே நடப்பேன். போன செவ்வாய்க்கிழமை டிராவல்ஸ் ஆபீஸ் பலகைக்கு வாயைத் திறந்தவர் பாதியில் மூடிக்கொண்டு திருதிருவென்று முழித்தார். பொய் வயிற்றுவலி சொல்லும் பிள்ளைகளை எத்தனை பார்த்திருப்பேன், எனக்கா தெரியாது. பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், மளமளவென்று கொட்டிவிட்டார்.

உனக்கு வெளியூர் வேலை வந்துவிட்டது, அம்மா அடுத்த வருஷம் வரட்டும் என்றாயே, அப்படி ஒரு வேலையே இல்லையாமே. எனக்கு விமானத்தில் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து எங்களுக்கு எடுத்திருந்த டிக்கெட்டை நீயே கேன்சல் பண்ணினாயாமே. அப்பாவும் அதற்கு உடந்தை. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் மைதானத்தைச் சுற்றி ஓட விட்டிருப்பேன். ஆனால் அதற்கப்புறம் அப்பா சொன்னதைக் கேட்டதும் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த வீக்கம் குடும்பத்தில் வரக்கூடியது, பிள்ளையும் ஒரு எக்கோ எடுத்துப் பார்க்கணும் என்று டாக்டரம்மா அப்பாவிடம் முதலிலேயே சொல்லி அனுப்பினாராம், நீ நேரமில்லை நேரமில்லை என்று எட்டு மாதமாக இழுக்கிறாயாம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போய்விட்டேன், அப்பாவையும் கையோடு கூட்டிக்கொண்டு. என் பிரஷர் இருக்கிற நிலையில் தாராளமாகப் பறக்கலாம் என்று அவர் வாயாலேயே அப்பாவுக்குச் சொல்ல வைத்தேன். பெட்டியை நான் தொடக் கூடாது, மாத்திரை கைப்பையில்தான் இருக்கணும், நடுவில் எழுந்து நடக்கணும், ரிப்போர்ட் நகல் ஒன்று கூடவே வரணும், நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று கடுமையாக வலித்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகணும், அவ்வளவுதான். அப்பா எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதி வைத்துக்கொண்டார். டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது, அடுத்த மாதம் பதினான்காம் தேதி வருகிறோம். நீ கேன்சல் பண்ண முடியாது, அது என் பெயரில் என் போனிலிருந்து எடுத்தது. குட்டிப்பெண்ணை நான் தூக்க மாட்டேன், அவளே ஏறி மடியில் உட்காரட்டும்.

கண்ணா, உனக்கு நேரமில்லாமல் இல்லை, பயம். அதைச் சொல்ல வெட்கப்படாதே, எனக்கும்தான் பயம். என் ரிப்போர்ட்டைப் பார்த்தபோது இவ்வளவு பயப்படவில்லை. என்னிடமிருந்து உனக்கு மூக்கும் முன்கோபமும் வந்ததே போதும், இதுவும் வந்திருக்கக் கூடாது என்று வேண்டாத தெய்வம் இல்லை. வந்தே இருந்தாலும் தெரிந்துகொண்டால் என்னைப் போல நடந்து திரிந்து ஊர் சுற்றலாம், தெரியாமல் இருந்தால்தான் ஆபத்து.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளிடம் சிடுசிடுக்காதே. மூவரும் நூறு வருஷம் நன்றாக இருக்கணும். பதினைந்தாம் தேதி காலை லீவு போட்டு எக்கோவுக்கு நேரம் வாங்கி வை. நாற்பத்திரண்டு வயசு ஆம்பிளையை அம்மா கையைப் பிடித்துக் கூட்டி வருகிறாளே என்று யார் சிரித்தாலும் சிரிக்கட்டும், நான் உன் பக்கத்தில்தான் உட்காருவேன்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க மட்டுமல்ல, எக்கோவுக்குக் கூட்டிப்போகவும் வருகிற
அம்மா