பலமில்லாதது எங்கள் கால்கள் அல்ல

இன்று காலை என் மகள் ஒரு ரப்பர் துண்டை வாயில் வைத்து நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருந்தாள். கருட சேவை பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவள் கையில் எது கிடைத்தாலும் நாதஸ்வரம்தான். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். விரல் நீளக் கறுப்புக் குழாய், அதன் மேல் அரக்குச் சிவப்பில் பட்டு நூல் வரி வரியாகச் சுற்றியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். ரப்பரும் பழைய டீசலும்.

அவள் அழுதாள். நான் அவள் வாயைத் திறந்து பார்த்து, நூல் எதையாவது விழுங்கிவிட்டாளா என்று அடித்தொண்டை வரை ஆராய்ந்து, கழுவிக் கொப்பளிக்க வைத்து, ஒரு மணி நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். "இவ ஒருத்தி, தண்ணிய கூட மென்னு குடிக்கிறவ" என்று கல்லூரியில் எல்லோரிடமும் என்னைப் பற்றிச் சொல்வாயே, அது மாறவே இல்லை. பிள்ளை பிறந்த பிறகு இரண்டு மடங்காகிவிட்டது.

நீ போன பிறகு உனக்கு எழுதக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். எழுதினால் நீ இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இப்போது எழுதுகிறேன் என்றால், உன்னிடம் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று இந்த வாரம் நடந்துவிட்டது. அன்று உன்னிடம் சொன்ன அதே வார்த்தையை இப்போது என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். முசரவாக்கம் வளைவில் நான் ஓட்டிய ஜீப், பிரேக்கை மிதித்தும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் காபியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பிரேக்லாம் நல்லாத்தான் இருக்குதுமா. புள்ள பெத்த உடம்பு, கால்ல பலம் எங்கிருந்து வரும்? வண்டிய வித்துடலாம். பஸ்ஸுல போ."

எனக்கு அவர் முகம் தெரியவில்லை. வாலாஜாபாத்தில், உங்கள் அரிசி மில் வாசலில், உன் அண்ணன் நின்ற கோலம்தான் தெரிந்தது.

நாம் இருவரும் பிசிக்ஸ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம். உன் அப்பா படுத்த பிறகு கிராமங்களுக்குப் போய் நெல் பார்க்கும் வேலையை நீ எடுத்துக்கொண்டாய். அவருடைய பழைய ஜீப்பும் உன் கைக்கு வந்தது. மாதிரி நெல் கட்டிய பைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் உன்னோடு வருவேன். வீட்டில் உட்கார்ந்தால் மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஜீப் ஓடும் வரைதான் நம் இருவருக்கும் வெளிக்காற்று.

திருமுக்கூடலில் ஆற்றுப் பக்கம் இறங்கும் சரிவு உனக்கு நினைவிருக்கும். முன்னால் வைக்கோல் வண்டி. நீ மிதித்தாய். மிதி கல் மாதிரி நின்றுகொண்டது. சீட்டிலிருந்து எழுந்து இரண்டு காலாலும் அதன்மேல் ஏறி நின்றாய். நான் நெல் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். திறந்தபோது ஜீப்பின் முகம் வைக்கோலுக்குள் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்காரர் இறங்கி வந்து நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாமா, பசிச்சா மாடு வைக்கோல் துன்னும். உன் வண்டியுமா?"

சிரிக்க முடியாமல் சிரித்தோம். ஆனால் விஷயம் நமக்கு முன்பே மில்லுக்குப் போய்விட்டது. உன் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். "பொம்பள காலுக்கு டீசல் ஜீப்பு அடங்குமா? ஞாயித்துக்கெழம சாவிய குடுத்துடு. டிரைவர் வெச்சிக்கலாம்."

பட்டறையில் மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். ஏற்கெனவே லைனிங் மாற்றி, ஆயில் மாற்றி, பைப்பிலிருந்த காற்றையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார். அவர் ஏறி ஓட்டி மிதித்ததும் ஜீப் தலையைக் குனிந்து அப்படியே நின்றது. "பாத்தியாமா? வண்டி சரியா இருக்குது. உனக்கு காலு பத்தல."

நீ விட்டுவிடுவாயா? "ண்ணா, நீ மிதிச்சா நிக்கும். நா மிதிச்சாலும் நிக்கணும் இல்ல? அதுக்குத்தானே அந்த டப்பாவ வெச்சிருக்கான்?" என்று பிரேக் பூஸ்டரைக் காட்டினாய். மிதிக்கு முன்னால் சட்டி மாதிரி உருண்டையாக இருக்குமே, அது. எஞ்சினோடு சுற்றும் ஒரு பம்ப் அதற்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடும். மிதித்ததும் வெளிக்காற்று அதன் ஒரு பக்கத்தில் நுழைந்து, நம் காலோடு சேர்ந்து தள்ளும். கல்லூரியில் வளிமண்டல அழுத்தம் என்று படித்தோமே, அது நமக்காக மிதிக்கும்.

அப்படியானால் அந்தத் துணை வருகிறதா இல்லையா என்று பார்த்துவிடலாமே என்று தோன்றியது. உன் காதில் சொன்னேன்.

"உரக்க சொல்லுடி. இன்னா, திருட்டு விஷயமா?"

சொன்னேன். எஞ்சினை அணைத்துவிட்டு, உள்ளே மிச்சமிருக்கும் துணை தீரும் வரை விட்டு விட்டு மிதிக்க வேண்டும். மிதி இறுகியதும் காலை அழுத்தியபடியே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். பூஸ்டர் வேலை செய்தால் மிதி தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும்.

நீ இறங்கிக்கொண்டு என்னை அந்த சீட்டில் உட்கார வைத்தாய். பட்டறையில் இருந்த அத்தனை ஆண்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. நீ ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு சொன்னாய்: "பயப்படு. ஆனா காலை எடுக்காத."

ஸ்டார்ட் செய்தேன். மிதி அசையவில்லை.

"அது அப்டித்தாமா இருக்கும்" என்றார் மெக்கானிக்.

கியர் வேலைக்காக அதே மாதிரி இன்னொரு ஜீப் ஓரத்தில் நின்றிருந்தது. நீ என்னை அதில் ஏற்றினாய். அதே போல மிதித்து, அழுத்திப் பிடித்து, சாவியைத் திருப்பினேன். ஈர மண்ணில் கால் புதைவது போல மிதி மெதுவாக உள்ளே போனது. இன்றைக்கும் அந்த உணர்வு என் உள்ளங்காலில் இருக்கிறது. மெக்கானிக் நம்பாமல் தானே ஏறினார். அதில் ஒருமுறை, இதில் ஒருமுறை, மறுபடி அதில். "த்தோடா" என்றார். அதற்குப் பிறகு காலைப் பற்றி அவர் பேசவில்லை.

மீதியை மூவருமாகத் தேடினோம். டைனமோவின் பின்பக்கம் இருந்த பம்ப் வாயில் கட்டைவிரலை வைத்தால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து பூஸ்டருக்குப் போகும் ஓஸ் பைப்பின் மறுமுனையில் வைத்தால் பெயருக்குத்தான் இழுத்தது. கோளாறு நடுவில். தடவிக்கொண்டே போன உன் கை ஓரிடத்தில் நின்றது. நீ என்னைப் பார்த்தாய். அரக்குச் சிவப்புப் பட்டு நூல்.

என் அப்பாவின் வேலை! எங்கள் பிள்ளையார்பாளையம் வீட்டு வாசலில் ஜீப் நின்ற ஒருநாள் அந்த பைப்பில் வெடிப்பைப் பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் தறியில் மிஞ்சிய பட்டு நூல்தான் மருந்து. மூக்குக்கண்ணாடிக் காம்பு, குடைக் கம்பி, பக்கெட் பிடி எல்லாமே நூல் சுற்றியவை. யாரிடமும் சொல்லாமல் இதையும் சுற்றி, பசை தடவி, முடிந்துவிட்டிருக்கிறார்.

நான் அவரிடம் சொல்லவே வேண்டாம் என்றேன். நீதான் அறுத்தெடுத்த துண்டோடு நேரே வீட்டுக்கு வந்து அவர் முன்னால் வைத்தாய். அவர் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"முடிச்சு அவுந்துதா? அத்த சொல்லு மொதல்ல."

"அவுரலப்பா" என்றாய்.

"நூலு அறுந்துதா?"

"அறுவலப்பா. உள்ள இருந்து வெளிய வர்றத உன் நூலு நிறுத்தும். இங்க வெளிய இருந்து காத்து உள்ள பூருது. அதுக்கு உன் முடிச்சு தெரியல."

துண்டைத் திருப்பிப் பார்த்தார். "அப்போ காத்து மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டு மிதிப்பலகையை மிதிக்க ஆரம்பித்தார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தத் துண்டை என் கையில் கொடுத்தாய்.

புது ஓஸ் போட்டதும் நம் ஜீப்பின் மிதியும் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் பட்டறைக்கே சாவி வாங்க வந்தார். "எடுத்துக்கோ ண்ணா. ஆனா பொம்பள காலுன்னு சொன்னத இவங்க முன்னாலயே வாபஸ் வாங்கிக்கினு அப்புறம் எடுத்துக்கோ" என்று கையை நீட்டினாய். சாவி உன் உள்ளங்கையில் இருந்தது. அவர் அதையும் பார்த்தார், மெக்கானிக்கையும் பார்த்தார், ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த உள்ளங்கை எலும்பாகிப் போனதையும் பார்த்தேன். நோய் உன்னை எடுத்துக்கொண்டது. அதற்கும் ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது. துக்க வீட்டிலேயே ஒரு அம்மாள், "ஜீப்பு ஓட்டுன சூடு, சும்மா விடுமா" என்றாள். நான் எழுந்து நின்றேன். "அவ நோய்ல போனா. ஜீப்ப இதுல இழுக்காதீங்க" என்றேன். பதினாறாம் நாள் உன் அண்ணன் சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "உனக்குத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டு போனா. இந்த வீட்ல வேற யாரும் அத தொடமாட்டாங்க" என்றார். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த வாரம் அந்தக் காபிக்குப் பிறகு நான் வாசலுக்குப் போனேன். அணைத்த எஞ்சினில் விட்டு விட்டு மிதித்தேன். மிதி இறுகியது. சாவியைத் திருப்பும் முன் ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை அவர் சொல்வது நிஜமாக இருந்தால்? மகளைப் பெற்ற பிறகு நான் உண்மையிலேயே பலம் குறைந்தவளாக ஆகிவிட்டிருந்தால்? இவளை வைத்துக்கொண்டு நான் ஓட்டவே கூடாதோ? காலை எடுக்காமல் திருப்பினேன்.

மிதி இறங்கவில்லை.

பிரேக் கெட்டுப்போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன். பிறகு பூஸ்டர் பக்கம் ஓஸைக் கழற்றிக் கட்டைவிரல் வைத்துப் பார்த்தேன். நன்றாக இழுத்தது. மாட்டிவிட்டு மறுபடி மிதித்துப் பிடித்தபோது கால் பக்கத்தில் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம், விடாமல். பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் கிழிந்திருந்தது. வண்டியை ஓட்டாமல் கட்டி இழுக்க வைத்து அதே பட்டறைக்கு அனுப்பினேன். வேறு பூஸ்டர் போட்டு நேற்று வந்தது.

வீட்டுக்காரரின் அண்ணனிடம், "ஏறி உக்காந்து மிதிச்சுப் பாருங்க மாமா" என்றேன். "அப்புறம் பாக்கலாம்மா" என்றார். பார்க்காவிட்டால் போகட்டும். விற்கும் பேச்சை மட்டும் இனி என் முன்னால் எடுக்க மாட்டார். தறி மிதித்து வளர்ந்த கால் இது, பிள்ளை பெற்றதால் தேய்ந்துவிடாது என்று நின்றபடியே சொல்லிவிட்டேன். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். அதையும் மென்றுதான் குடித்தேன், சிரிக்காதே.

பயம் எனக்குப் போகவில்லை. போகும் என்று நீயும் சொன்னதில்லை. நேற்றிலிருந்து ஒவ்வொரு முறையும் வண்டி எடுக்கும் முன் அதே மாதிரி மிதித்து, பிடித்து, திருப்புகிறேன். மகள் பக்கத்து சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் காலையே குனிந்து பார்க்கிறாள்.

"எறங்குச்சாமா?"

"எறங்குச்சுடி."

அதன் பிறகுதான் அவள் கையில் கிடைத்த நாதஸ்வரத்தை எடுக்கிறாள்.