கூட்டு ரோட்டில் அமெரிக்கா டாங்கி

தை 5, திங்கள்

காலையில் நல்ல பனி. வரப்பே தெரியவில்லை. வெயில் ஏறின பிறகுதான் அறுப்பு மெஷின் வந்தது. கழனியில் ஈரம், டயர் வண்டி இறங்காது என்று பெல்ட் வண்டி அனுப்பினார்கள். நல்லதுக்குத்தான்.

பேத்தி நிவேதா லீவு போட்டு வந்திருக்கிறாள். சேதராப்பட்டுப் பக்கம் ஜெனரேட்டர் கம்பெனியில் வேலை. வருகிற திங்கள் சென்னையில் இன்டர்வியூ. ராணுவ டாங்கிக்கு இன்ஜின் செய்து சோதிக்கிற இடம். சர்க்கார் வேலை. போன தடவை போனாள், கிடைக்கவில்லை. வயது வரம்பு இருக்கிறதாம், இதுதான் கடைசி. கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பது என்று என் மகன் சேகர் சொல்லிவிட்டான். பெற்ற அப்பன். அவள் "சரிப்பா" என்றாள். அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை.

மெஷின் பின்னாலேயே நடந்தாள், செருப்புகூட இல்லாமல். ரேடியேட்டர் வலையில் தூசும் பதரும் அடைத்துக்கொள்கிறது, டிரைவர் அடிக்கடி நிறுத்தித் துடைக்கிறான். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா பாப்பா, வண்டி வாங்கப் போறியா?"

"இல்லண்ணா. இதோட பெரியப்பா வண்டி ஒண்ணு இருக்குது. அதுக்குத்தான் பாடம் படிக்கிறேன்."

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. டாங்கிக்கும் பெல்ட்தான்.

வாங்க வேண்டியது: சாக்கு, தையல் ஊசி, டீத்தூள், முட்டி வலி மாத்திரை.

தை 6, செவ்வாய்

பனி குறைவு. நெல் காயப் போட்டாச்சு.

மத்தியானம் சோறு தின்றதும் என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். "நீதான் ஆபீசர் ஆயா. நான் சொல்றது புரியலன்னா கைய தூக்கு." கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்தாவதோடு நின்றவள், ஆபீசர். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அவள் சொன்னது, மறக்காமல் இருக்க:

முதல் உலகச் சண்டையில் டாங்கி பெட்ரோலில் ஓடியது. உள்ளே ஆளும் இன்ஜினும் ஒரே அறை. சூட்டிலும் புகையிலும் ஆட்கள் மயங்கி விழுந்தார்களாம்.

இரண்டாவது சண்டையில் அவசரம். அமெரிக்காக்காரனிடம் டாங்கிக்கென்று போதுமான இன்ஜின் இல்லை. பிளேன் இன்ஜினைத் தூக்கி வைத்தான். அதுவும் போதவில்லை என்று ஐந்து கார் இன்ஜினை ஒன்றாகக் கட்டி ஒரு டாங்கிக்குப் போட்டான்.

"அஞ்சு மருமவள ஒரே அடுப்பாண்ட வுட்ட மாதிரியா?"

"ஆமா ஆயா. ஆனா நல்லாத்தான் ஓடுச்சு."

நம்பவே முடியவில்லை. இங்கே ஒரு மருமகளோடு ஓட்டுவதே பாடு.

ஜெர்மன்காரன் கடைசி வரைக்கும் பெட்ரோல். ரஷ்யாக்காரன் டீசல், பன்னிரண்டு சிலிண்டர், ஆறு ஆறாக இரண்டு பக்கம் சாய்ந்தது. அந்த இன்ஜினின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கும் நம்ம பட்டாளத்து ரஷ்ய டாங்கியில் ஓடுகின்றன. பேரப்பிள்ளை என்று அவளேதான் சொன்னாள்.

இங்கிலாந்துக்காரன் ஒரே குழாயில் இரண்டு பிஸ்டன் எதிரெதிரே வைத்தான். எந்த எண்ணெய் ஊற்றினாலும் ஓட வேண்டும் என்று செய்தது. நம்ம பழைய டாங்கிக்கும் அதே வந்தது. ஒழுகல், ஓயாத ரிப்பேர்.

கையைத் தூக்கவில்லை. ஒரு தடவை தூங்கிவிட்டேன், அவள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

தை 8, வியாழன்

நெல் புரட்டும்போது பட்டம்மா வந்தாள். என் வீட்டுக்காரர் தங்கை. பேரன் பிரான்சில் இருக்கிறான், அதைச் சொல்லாமல் அவளுக்கு நாள் போகாது.

"இன்னா அண்ணி, நிவேதா இங்கயே கீறா? வேலைய வுட்டுட்டாளா?"

"இன்டர்வியூக்குப் படிக்குது."

"இன்னுமா படிக்குது? என் பேரன் பாரிசுல ரெண்டாவது வூடு வாங்கப் போறான்."

போன வருஷம் அவன் வந்து இறங்கின அன்றைக்குக் கூட்டு ரோட்டில் பேனர் வைத்தாள். அவன் கோட்டு போட்டு நிற்கிறான், பின்னால் அந்த ஊர் இரும்புக் கோபுரம். ஆறு மாசம் கிழியாமல் இருந்தது. பஸ் ஏறும்போதெல்லாம் அவன் முகத்தில்தான் முழிப்பு. பேனர் வைக்கக் கூடாது என்று சட்டமாம். ஊரே வைக்கிறது.

சாயந்திரம் பாகூர் போனேன். மாத்திரை வாங்கத்தான் போனேன்.

பேனர் கடைத் தம்பி நல்ல பையன். போனில் இருந்த நிவேதா படத்தை எடுத்துக்கொண்டான். "டாங்கி படம் இருக்குதா பாட்டி?" இல்லை என்றேன். கம்ப்யூட்டரில் தேடி வரிசையாகக் காட்டினான். ஒன்று சப்பையாக இருந்தது, முட்டை கவிழ்த்த மாதிரி. இன்னொன்று நல்ல ஆகிருதி, பெரிய குழல், மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அதையே போடச் சொன்னேன்.

எழுத்து: "டாங்கி இன்ஜின் தயாரிக்கும் எங்கள் குலவிளக்கே வருக வருக." கீழே வட்டம் வட்டமாகக் குடும்பத்தார் படம். அவர் படத்துக்கு மட்டும் மேலே மேகம், ஆசீர்வாதம் செய்கிற மாதிரி.

சேகரிடம் மட்டும் சொன்னேன். "ரிசல்ட் வரட்டும்மா" என்றான். திங்கட்கிழமை வைத்தால்தான் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்ப்பாள். பாரிசுக்காரனும் இறங்கும்போதுதானே பார்த்தான்.

மாத்திரை மறந்துபோச்சு.

தை 9, வெள்ளி

விளக்கேற்றினேன். தேங்காய் அழுகல். மனசுக்கு ஒரு மாதிரி. பட்டம்மாவிடம் சொல்லவில்லை.

மறுபடியும் ஆபீசர் வேலை. இன்றைக்கு டர்பைன். பிளேன் இன்ஜின் ஜாதி. அமெரிக்காக்காரன் வைத்திருக்கிறான், ரஷ்யாக்காரனும் ஒன்றில் வைத்துப் பார்த்தான். எடை குறைவு, சத்தம் குறைவு, குளிரில் மக்கர் செய்யாமல் கிளம்பும்.

"அப்போ அதுதான் உசத்தி?"

"நின்னாலும் குடிக்கும் ஆயா. வண்டி ஓடாம சும்மா உறுமிக்கினு இருந்தாலும் எண்ணெய் போயிக்கினே இருக்கும். பின்னாடியே எண்ணெய் லாரி வரணும்."

சேகர் டீக்கடை வாசலில் பைக்கை அணைக்காமல் பேசுகிற மாதிரி என்றேன். திண்ணையில் இருந்த சேகர் முறைத்தான்.

டர்பைனுக்குக் காற்றும் நிறைய வேண்டும். பாலைவனத்தில் அத்தனை காற்றோடும் மணல் வரும். வடிகட்டியே ஒரு பாரம்.

"எத்தினி குதிர சக்தி, எது ஜாஸ்தி?" என்று கேட்டேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன தடவை அவள் விழுந்த இடம் அதுதான் என்றாள். குதிரை சக்தி, குதிரை சக்தி என்று வரிசையாகச் சொன்னாளாம். எதிரில் இருந்த பெரியவர், "சரிம்மா, அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவே?" என்று கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை.

இப்போது வருகிறது. குதிரையை மட்டும் எண்ணக் கூடாது, ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரை என்று பார்க்க வேண்டும். அதிலும் பாலைவன வெயிலில் இன்ஜினைக் குளிர வைக்கிற விசிறியே கொஞ்சம் குதிரையைத் தின்றுவிடும். மிச்சம்தான் வண்டிக்கு. ரிப்பேர் வந்தால் இன்ஜினும் கியரும் ஒரே பொட்டலமாகத் தூக்கி வேறொன்றை இறக்க வேண்டும், வெயிலில் உட்கார்ந்து பிரிக்க முடியாது. ஆகையால் நமக்கு டீசல்தான், குளிர வைக்கிற ஏற்பாட்டை முதலில் சரி செய்து. இதுதான் அவள் தீர்ப்பு. அறுப்பு மெஷின் வலையையும் சொல்லப் போகிறாளாம்.

கேட்டுவிட்டேன். "கெடைக்கலன்னா?"

"கெடைக்கலன்னா அப்பா காட்ற ஆளுக்குக் காபி எடுத்துக்கினு போறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ராத்திரி சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

தை 12, திங்கள்

மேகமூட்டம். நிவேதா விடிவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டாள். திருநீறு பூசினேன், அழித்துக்கொள்ளாமல் போனாள்.

பேனர் வந்து கட்டிவிட்டார்கள். பாரிசுக்காரன் இருந்த அதே கம்பம். நான் நினைத்ததைவிடப் பெரிசு. டாங்கி ரோட்டுக்கே வருகிற மாதிரி. எல்லாரும் நின்று பார்த்தார்கள். பட்டம்மா பார்த்தாள். "நல்லாத்தான் கீது" என்றாள். எனக்கு அது போதும். சேகர் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான், ரிசல்ட் வரட்டும் என்றவன்.

சாயந்திரம் பஸ் வந்தது. இறங்கினாள். முகம் நன்றாக இருந்தது, நன்றாகச் செய்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தாள்.

"ஆயா. இன்னா இது?"

"உனக்குத்தாண்டி கண்ணு."

"இது எந்த டாங்கி தெரியுமா? அமெரிக்கா டாங்கி. டர்பைன் வேணாம்னு காலையிலேர்ந்து தொண்டத்தண்ணி வத்த பேசிட்டு வரேன். அதையே என் தல மேல ஏத்தி வெச்சிருக்கிறியே!"

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொன்னாள். நன்றாகத்தான் முடிந்தது. சூடு எங்கே போகும் என்று மறுபடியும் கேட்டார்கள், சொல்லிவிட்டாள். எழுந்து வரும்போது ஒருத்தர், "இது வெளியே பேசுகிற வேலை இல்லை. எடுப்பதாக இருந்தால் ஊரில் வந்து விசாரிப்போம்" என்றாராம்.

"வந்து யாரையும் விசாரிக்கவே வேணாம் ஆயா. பஸ்ஸ வுட்டு எறங்குனாலே போதும்."

சேகர் ஸ்டேட்டஸை அழித்தான். அதற்குள் பிரான்சு வரைக்கும் பார்த்தாகிவிட்டது, அங்கிருந்து கை தட்டுகிற படம் வந்திருக்கிறது.

அவள் திட்டியிருந்தால் தேவலை. தலைவலி என்று படுத்துவிட்டாள்.

தை 13, செவ்வாய்

தூறல். இந்த மாசத்தில் மழை வரும் என்று யார் கண்டது.

பேனர் தம்பிக்குப் போன் செய்தேன். "ஒரு நாள்கூட ஆவல பாட்டி, யாராச்சும் எடுக்கச் சொன்னாங்களா?" யாரும் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன் என்றேன். மழை விடட்டும் என்றான். சேகர் உரக்கடைக்குப் போயிருந்தான். அரிவாளை எடுத்துக்கொண்டு நானே போனேன். கீழ்க் கயிறு இரண்டும் எட்டியது. மேலே எட்டவில்லை. டீக்கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி அறுத்தார்.

"இன்னாம்மா, நேத்துதான வெச்சீங்க?"

"படம் தப்பாப் பூட்டுது."

பொய் இல்லை.

சுருட்டித் தூக்கி வருவதற்குள் தூறல் வலுத்தது. களத்தில் நெல் குவியல். தார்ப்பாய் ஒரு பக்கம்தான் எட்டுகிறது. பேனரை விரித்து மூடினேன், படம் உள்ளே, வெள்ளை வெளியே. நான்கு மூலைக்கும் கல். நிவேதா ஓடி வந்து காற்றடிக்கிற பக்கம் ஏறி நின்றாள். இரண்டு பேரும் நனைந்தோம்.

"நல்ல கனமான பேனரு ஆயா," என்றாள்.

பேசிவிட்டாள். நெல் நனையவில்லை.

தை 15, வியாழன்

வெயில். நிவேதா வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஒன்றிரண்டு மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் கேட்டிருக்கிறார்கள் என்றான் சேகர். கொடுக்காதே என்றேன். "எத்தினி நாளைக்கும்மா?" தெரியாது என்றேன்.

தை 23, வெள்ளி

டீக்கடையில் யாரோ இரண்டு பேர் நிவேதா எப்படிப்பட்ட பெண் என்று கேட்டார்களாம். ஒருவர் நம்ம ஸ்டேஷன் போலீஸ், இன்னொருவர் வெளியூர். வீட்டுக்கும் வந்தார்கள். மோர் கொடுத்தேன்.

"பொண்ணு இன்னா வேலைக்குப் போகப் போகுதுன்னு தெரியுமாம்மா?"

எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. பிஸ்டன், டர்பைன், சூடு.

"படிச்ச பொண்ணு சார். அது எங்க இன்னா சொல்லுது" என்றேன்.

எழுதிக்கொண்டார். மோர் நன்றாக இருந்தது என்றார்.

மாசி 4, திங்கள்

பனி இல்லை. கீழண்டை கழனியில் கடைசியாக அறுத்த நெல் காய்கிறது. அதே பேனர்மேல்தான், வெள்ளைப் பக்கம் மேலே. பாயைவிட வசதி, நெல் சிந்தாது.

பத்து மணி சுமாருக்கு நிவேதா போன். கிடைத்துவிட்டது. நான் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் அழுதாள், நான் அழவில்லை. பிறகு சொன்னாள், "ஆயா, இனிமே இன்னா இன்ஜின், எப்படி ஓடுதுன்னு என்னக் கேக்காத. உங்கிட்டகூட சொல்லக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"பேனரு?"

"போடி."

சேகர் ஜாதகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

மத்தியானம் நெல்லை வாரும்போது பட்டம்மா வந்தாள். எப்படியோ மூக்கு வேர்த்திருக்கிறது.

"வேல கெடச்சிடுச்சாமே அண்ணி? டாங்கி வேலதான?"

"இன்ஜின் வேல."

"இன்னா இன்ஜின்?"

"டீசல் இன்ஜின்."

"நம்ம கழனில தண்ணி எறைக்குமே, அது மாதிரியா?"

"அது மாதிரிதான்."

"இதுக்கா இத்தினி படிப்பு?" என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் நெல்லை வாரினேன். வார வாரப் பேனர் ஓரம் சுருண்டு, சிவப்பாக ஒரு எழுத்து எட்டிப் பார்த்தது.

"அந்தப் பக்கம் இன்னா போட்டிருக்குது?"

காலால் மிதித்துச் சரி செய்தேன்.

"ஒண்ணுமில்ல பட்டம்மா. சாக்கப் புடி."