துரைக்குப் பின்னால் இருந்த கூந்தல்

அக்கா,

துரை படம் விலைபோய்விட்டது. நேற்று காலை என் அஸ்தம்பட்டிப் பழம்பொருள் கடையிலேயே பேசி முடித்தேன். இதை எழுதும்போதும் என் விரலில் வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசம் அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. உங்கள் தலை வாசம் அது.

பல வருடங்களுக்கு முன் ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவின் மரச்சாமான்களை மொத்தமாக வாங்கியபோது, மேசை இழுப்பறைக்குள் கிடந்த படம். உள்ளங்கையில் அடங்கும் செம்புத் தகட்டில், சிவப்புக் கோட்டும் வைக்கோல் நிறத் தலையுமாக ஒரு வெள்ளைக்காரத் துரை. கண்ணிமை முடியைக்கூட விடாமல் எழுதியிருந்தான் ஓவியன். பக்கத்துக் கடையில் படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்த உங்களிடம், உடைந்த பின்கண்ணாடியை மாற்றித் தரக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட படத்துக்குப் பின்னால், படத்தில் இருப்பவரின் முடியைக் கொஞ்சம் வைப்பார்களாம். இதில் இருந்ததோ கன்னங்கரேலென்று, நேராக, நீளமாக, சுருட்டி வைத்த முடி.

"துரை டை அடிச்சிருப்பாருங்கக்கா" என்று சிரித்தேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. "கேளு சாமி. நம்ம பொம்பளைங்க சீப்புல வந்த முடியக்கூடச் சுருட்டித் துப்பித்தான் போடுவாங்க, எவன் கையிலயாவது சிக்குனா செய்வினை வெச்சுருவான்னு. இவ இத்தன முடிய அவன் முதுகுல வெச்சிருக்கான்னா, துணிஞ்சுதான் வெச்சிருக்கா. அவன் முடியத் தூக்கி வீசிட்டு வெச்சிருக்கா. அவளை ஆரு படம் எழுதப்போறாங்க?"

"பொண்டாட்டியாங்கக்கா?"

"அந்தப் பேரை அவளுக்கு எவன் குடுத்தான்?"

கண்ணாடியை ஒட்டும்போது தலையில் துண்டைக் கட்டிக்கொண்டீர்கள். உங்கள் முடி ஒன்றுகூட உள்ளே விழக் கூடாது என்று அவ்வளவு கவனம். அன்று அந்தச் சுருட்டைத் தலையில் ஒரு நரைகூடக் கிடையாது. "இதைப் பிரிக்கறதுன்னா என்னையக் கேட்டுட்டுப் பிரி" என்றீர்கள். அன்றிலிருந்து படம் என் இரும்புப் பெட்டியில்; சாவி என் இடுப்பில். வேறு யாரும் தொட்டதில்லை. நீங்கள் நரைத்தீர்கள், கடையை மூடினீர்கள், போன மழைக்காலத்தில் கல்லறைத் தோட்டத்துக்கும் போய்விட்டீர்கள்.

நேற்று வந்தவர் ஏற்காட்டில் விடுதி கட்டுகிறார். "துரை மட்டும் போதுங்க. அந்த முடிய எடுத்துப்போடுங்க, பாத்தாலே ஒரு மாதிரி இருக்குது" என்றார்.

இராசிபுரத்திலிருந்து புடவை மூட்டை சுமந்து வந்து கடை வைத்தவள் நான். வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லை. கேட்பதற்கு நீங்களும் இல்லை. நீங்கள் ஒட்டிய விளிம்பைக் கத்தி முனையால் நெம்பினேன்.

முதலில் வாசம் வந்தது. பிறகுதான் பார்த்தேன். கறுப்பு முடிச் சுருளின் நடுவே, அதோடு சேர்த்துப் பின்னியதுபோல ஒரு வெள்ளை முடி. சுருட்டை முடி. மின்சாரம் போய் விசிறி நின்றிருந்தது. அந்த ஒற்றை முடி மட்டும் மெல்ல அசைந்தது.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"முடிய எடுக்கறதா இருந்தா படம் இல்லீங்க."

"அட, ஆகறதப் பேசுங்க. ஆரு முடியோ!"

"முன்னாடி துரை. பின்னாடி அவரு ஊட்டுக்காரம்மா. ஜோடியப் பிரிச்சு விக்கறதில்லீங்க."

அவர் முன்னாலேயே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியை மறுபடி ஒட்டினேன். ஒட்டி முடிக்கும்வரை கழுத்துக்குப் பின்னால் யாரோ குனிந்து பார்ப்பதுபோலவே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. எந்தப் படம் கைக்கு வந்தாலும் முகத்தைப் பார்க்குமுன் முதுகைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது; எனக்கே முதுகு இருப்பது நேற்றுத்தான் உறைத்தது.

கடைசியில் நான் சொன்னதற்கெல்லாம் ஒத்துக்கொண்டார். படத்தைச் சுவரில் மாட்டக் கூடாது. இரண்டு பக்கமும் தெரிய, கண்ணாடிப் பெட்டிக்குள் நடுக்கூடத்தில் நிற்க வேண்டும். பின்பக்கத்தை யாரும் திறக்கக் கூடாது. விலை, ஜோடி விலை. உள்ளே சேர்ந்துகொண்ட மூன்றாவது ஆளுக்கு நான் எதுவும் கேட்கவில்லை, அக்கா.